அப்பாவின் தொடைக்குக் கத்தும் மெஷின்

அப்பாவின் இடது தொடை எலும்புக்குள் ஒரு ஸ்டீல் கம்பி இருந்தது. ஆன்டெனா கட்டப் போய் மாடியிலிருந்து விழுந்தபோது வைத்தது. அப்போது நான் பிறக்கவில்லை. தெருவில் அவருக்குப் பெயர் கம்பிக்கால். போனை எடுத்தால் அவரே, "கம்பிக்கால் பேசறேன்" என்பார்.

ஏணி ஏற முடியாமல் போனதும் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு ரிப்பேர் வேலைக்கு உட்கார்ந்தார். ரேடியோ, டிவி என்று போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் யாரோ ஒரு மெட்டல் டிடெக்டரைக் கொண்டுவந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். எதை மாற்றினாலும் அது நிற்காமல் கத்தியது. நன்றாக இருந்த பாகங்களையும் கழற்றிப் புதிது போட்டார். சாயங்காலம் வரை ஓயவில்லை. சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள்: "மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க காலைக் கழட்டி வச்சுட்டுப் பாருங்க."

இந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் அப்பாவே சொல்வார். அம்மாவைச் சொல்ல விடமாட்டார். அவள் சுருக்கிவிடுவாளாம்.

அந்தத் தப்புதான் பிறகு அவருடைய முறை ஆனது. எலும்புக்குள் வைக்கும் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது, மின்சாரத்தையும் சுமாராகத்தான் கடத்தும். டிடெக்டருக்கு அது மங்கல். அவ்வளவு சதைக்கு அடியில் கிடக்கும் அதற்கே மெஷின் குரல் கொடுத்தால் இரும்பு ஆணிக்குக் கட்டாயம் கொடுக்கும். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கணக்குப் போட்டும் பார்த்திருக்கிறேன். சரியான முறைதான். ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு டிடெக்டரும் அவர் தொடைமேல் ஒருமுறை ஓடிய பிறகே வீட்டைவிட்டுப் போகும்.

அவர் மேசையில் ஓர் ஆணி கிடையாது, எல்லாம் பசை போட்டு ஒட்டியது. திருப்புளி, இடுக்கி, அரம் அனைத்தும் எதிர்மூலை அலமாரியில் இருக்கும். "இரும்பெல்லாம் அந்த மூலைக்கு. எனக்கு மட்டும் சலுகை" என்பார்.

போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். சாம்பலோடு அந்தக் கம்பியையும் கொடுத்தார்கள். அம்மா அதைத் துடைத்துத் துணி அலமாரியில் வைத்தாள்.

நேற்றுக் காலை மரம் அறுக்கும் மில்காரம்மா வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். என் மெஷின் அண்ணன்கிட்ட இருக்கு."

"கூடாதுன்னா ஏன் கேக்கற? உள்ள வந்து உக்காரு."

இடித்த வீடு ஒன்றின் பழைய உத்தரங்கள் அவர் மில்லில் வந்து இறங்கியிருக்கின்றன. உள்ளே புதைந்த ஆணி சிக்கினால் ரம்பத்தின் பல் தெறிக்கும். போன தடவை தெறித்தது அவர் தம்பியின் புருவத்தைக் கிழித்துவிட்டது. இனி டிடெக்டர் ஓட்டாமல் ஒரு கட்டையும் ரம்பத்தில் ஏறாது என்று மில்காரம்மா சொல்லிவிட்டார். மில் சும்மா கிடக்கிறது.

மெஷின் திறந்தபடியே மேசையில் இருந்தது. பேட்டரி கசிந்து போர்டின் ஓரம் முழுக்கப் பொரிந்திருந்ததை அப்பா வினிகர் தொட்டுத் துலக்கியிருந்தார். மூன்று செப்புக் கோடுகள் அரித்துப்போயிருந்தன. இரண்டின் மேல் மெல்லிய செம்பு இழையைப் படுக்கவைத்து சாலிடர் செய்திருந்தார். மூன்றாவதைச் சுரண்டி வைத்ததோடு சரி. உலோகத்தை உணரும் காயிலிலிருந்து சிக்னல் வரும் கோடு அதுதான்.

அதற்கான இழையை அப்பா ஏற்கெனவே வெட்டி, துணி மாட்டும் மரக் கிளிப்பில் செருகி வைத்திருந்தார். அளவு சரியாக இருந்தது. பற்றவைத்தேன். என் சாலிடர் அப்பாவுடையதைவிடக் கொஞ்சம் தடிப்பு. மீட்டரில் பார்த்தேன், இணைப்பு சரி. ஒரு காசை நீட்டினேன். பீப்.

"காசுக்கு யார்தான் கத்தல?" என்றார் மில்காரம்மா. "தொடைக்குக் கத்துச்சா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, பழக்கதோஷம் பாப்பா. தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுக்கவில்லை. கேள்வி நியாயமானது. போர்டில் ஒரு சிறிய திருகு இருக்கிறது. எவ்வளவு ஆழம் வரை கேட்க வேண்டும் என்பதை அதுதான் முடிவுசெய்யும். அதை எங்கே நிறுத்துவது? அளவுகோல் போய்விட்டது.

அம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் கம்பி, மறு கையில் போர்வை.

கம்பியை மேசைமேல் வைத்தாள். போர்வையை மடித்து அதன்மேல் போட்டாள். உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு மடிப்பு வேணும்."

"போதும்மா."

"உனக்கு என்னடி தெரியும்? யாரு தொடை?"

மில்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு மடிப்பைக் கூட்டிவிட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தாள், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போன பிறகு அவள் சிரித்து முதல்முறையாகப் பார்த்தேன்.

மெஷினை அருகில் கொண்டுபோனேன். அலறியது. அம்மாவின் கை இன்னும் போர்வைமேல் இருந்தது.

"வளையல், அம்மா."

"அண்ணன் மாதிரியே, அக்காவைப் பாத்ததும் கத்துது."

"அவர் எங்கடி கத்தினார்? நான்தான் கத்துவேன்," என்று அம்மா கையை எடுத்தாள்.

இப்போது சத்தமே இல்லை. திருகை மயிரிழை திருப்பினேன். இல்லை. இன்னும் கொஞ்சம். தாறுமாறாகக் கரகரத்தது; சிறிது பின்னால் வந்தேன். பீப். மெல்லியது, ஆனால் ஒரே சீராக. மெதுவாக ஓட்டினேன். இடுப்பு முனையிலிருந்து முழங்கால் முனை வரை கேட்டது. அதற்கு அப்பால் நின்றது.

மெஷினை நிறுத்தினேன்.

"அண்ணன்தான்," என்றார் மில்காரம்மா. மூடியைத் திருகி மெஷினைக் கொடுத்தேன்.

மத்தியானம் போன் வந்தது. "பாப்பா, மொத உத்தரத்துலயே மாட்டிச்சு. தலை ஒடிஞ்ச ஆணி, வெளிய அடையாளமே இல்ல. தம்பிதான் பிடுங்கினான். இந்தா, ரம்பம் ஓடுது, கேக்குதா?"

கேட்டது. அம்மாவின் காதிலும் வைத்தேன்.

பிறகு அவள் கம்பியை எடுத்தாள். துணி அலமாரிக்குப் போவாள் என்று நினைத்தேன். எதிர்மூலைக்குப் போய்த் திருப்புளிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சலுகை முடிஞ்சுது," என்றாள். "போர்வையைப் பிரிச்சுடாத. அந்த மடிப்பு அப்படியே இருக்கட்டும். வேற யாராவது மெஷினோட வருவாங்க."