அன்றைக்கு மட்டும் எடுக்காத வண்டி

என் வீட்டுக்காரர் டீசல் மெக்கானிக். பிழைக்கத் தெரியாதவர். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லுவேன், அவரும் மறுக்கமாட்டார். நல்ல பார்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினால்தான் பட்டறை ஓடும் என்பது தெருவில் கார் துடைக்கிறவனுக்குக்கூடத் தெரியும். சின்ன வயதில் சித்தப்பா பட்டறையில் மண்ணெண்ணெயில் பார்ட் கழுவி வளர்ந்த இவருக்கு மட்டும் தெரியாது. பட்டறைக்கு முன்னால் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை என் பொறுப்பு. பயந்துபோன வண்டிக்காரர் யாராவது, "ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாத்திடுங்க" என்று வந்து நிற்பார். இவர் பேட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சையைச் சுரண்டி, போல்ட்டை ஒரு திருகு திருகிவிட்டு, "போயிட்டு வாங்க" என்பார். நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். வாடிக்கைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் அரிச்சந்திரன். அரிச்சந்திரன் பெண்டாட்டி பட்ட பாடு யாருக்கும் ஞாபகம் வராது.

எடுக்காத வண்டி என்று வந்தால் அவர் முதலில் எதையும் தொடமாட்டார். சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறதா, சோம்பலாகச் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா. பிறகு பின்னால் போய்ப் புகையைப் பார்ப்பார். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் வருகிறது, பற்றவில்லை. அதற்கப்புறம்தான் கையில் ஸ்பேனர் ஏறும்.

குளிர்காலம் முடியப்போகிற சமயம், ஒரு சாயங்காலம் அந்தக் கார் வந்தது. அப்பா ஓட்டிவந்தார். படிப்பு முடித்த வயதில் ஒரு மகள், முன்சீட் காலியாக இருக்கப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பா இறங்கித் தெருப்பக்கம் பார்த்து நின்றுகொண்டார். பேசியது அவள்தான்.

"வண்டி ஸ்டார்ட் ஆகல அங்கிள்."

"இப்ப ஓடித்தானேம்மா வந்துச்சு?"

"இப்ப ஆகுது. அன்னைக்கு ஆகல. ஏன்னு எனக்குத் தெரியணும்."

அன்றைக்கு என்பது சில மாதங்களுக்கு முந்திய ஒரு விடியற்காலை. அவள் அம்மாவுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் கார் எடுக்கவில்லை. பேட்டரி தீர்ந்து இன்ஜின் அசையாமல் போகும்வரை சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அவர் காரில் ஏற்றிப் போனபோது வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பின் போன பட்டறைகளில் ஒருவர் பேட்டரியை மாற்றினார், இன்னொருவர் பில்டரை மாற்றினார். ஏன் எடுக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

"நீங்க உள்ளதைச் சொல்லுவீங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

"ராத்திரி வண்டி இங்க குளிர்ல நிக்கட்டும். காலையில சொல்றேன்."

விடிந்தும் விடியாததுமாக நான் டீயோடு போனபோது இவர் காருக்குள் இருந்தார். அந்த வண்டியில் சாவியைப் போட்டால் சுருள் போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். குளிரில் டீசல் பற்றுவதற்காக உள்ளே ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அர்த்தம். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யவேண்டும். இவர் வேண்டுமென்றே காத்திருக்காமல் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, எடுக்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை. மறுபடி திருப்பினார், மறுபடியும் அதே. ஒவ்வொரு தடவையும் சுற்று இளைத்துக்கொண்டே வந்தது. பிறகு விளக்கு அணைகிறவரை சும்மா இருந்துவிட்டுத் திருப்பினார். ஒரே உறுமலில் எடுத்துக்கொண்டது.

"வண்டியில ஒண்ணுமே இல்ல. அவசரத்துல லைட்டைப் பாக்காம எடுத்திருக்காரு. பொண்டாட்டிக்கு மூச்சு முட்டறப்ப எந்த மனுஷன் லைட்டைப் பாப்பான்?" டீயை வாங்கிக்கொண்டார். "சொல்லத்தான் வேணும். கேட்டுட்டாங்களே."

அப்பாவும் மகளும் வந்தார்கள். இவர் அப்பாவைப் பார்த்து, "அன்னைக்கு எப்படி எடுத்தீங்க?" என்று ஆரம்பித்தார்.

"அப்பா எடுக்கல, நான்தான்" என்றாள் மகள். "அவரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாரு. நான் லைட் அணையறதுக்கு முன்னாடியே திருப்பிட்டேன். திருப்பிக்கிட்டே இருந்தேன்." இவர் முகத்தைப் பார்த்தாள். "காத்திருந்தா எடுத்திருக்கும், இல்ல அங்கிள்?"

"இரும்மா, இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்று இவர் கடைக்குள் வந்து, கெட்டுப்போன பார்ட்டுகளைப் போட்டுவைக்கும் டின்னைக் கிளறினார். முந்தின வாரம் ஒரு வேனிலிருந்து கழற்றிய ரிலே, அதாவது ஹீட்டர் பிளக்குக்குக் கரண்ட் விடும் சுவிட்ச், ஒரு பக்கம் கருகிப்போனது, அதில் கிடந்தது. எடுத்து உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்தேன். "புது ரிலே ஒண்ணு எடு" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என் கண்ணைப் பார்க்காமல் பார்ட் கேட்டது அன்றுதான்.

பானெட்டுக்குள் குனிந்து எங்களுக்கு முதுகைக் காட்டி என்னவோ செய்தார். வண்டியில் இருந்த நல்ல ரிலே அவர் பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. நிமிர்ந்தபோது கருகிய ரிலே கையில் இருந்தது.

"இதான்ம்மா. லைட் சரியா எரியும், சரியா அணையும். ஆனா பிளக்குக்குக் கரண்ட் போகாது. ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் காலை வாரிடும். நீ மத்தியானம் வரைக்கும் காத்திருந்தாலும் அன்னைக்கு எடுத்திருக்காது. நானே உக்காந்திருந்தாலும் எடுத்திருக்காது."

அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். விரலில் கரி ஒட்டியது.

"நிஜமாவா அங்கிள்?"

"பொய் சொல்லி எனக்கு என்னம்மா ஆகப்போகுது?"

அங்கே அடுக்கியிருந்த டயர் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என் அரிச்சந்திரனுக்கு இப்போதாவது பிழைக்கத் தெரிந்ததே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் அவள் அப்பா என் கவுன்டருக்கு வந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"தங்கச்சி, அப்ப அவ மேல தப்பே இல்லையா?"

"இல்லைங்கண்ணே."

"லைட் அணையணும்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான். அதனால..." கவுன்டர் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "அவங்க அம்மா தலையை மடியில வச்சுக்கிட்டு, அவளைப் பாத்துச் சொல்லிட்டேன். நீதான்டி உங்கம்மாவைக் கொன்னுட்டேன்னு. அன்னையிலேர்ந்து அவ என்கிட்ட பேசல. கோளாறு வண்டியில இருந்திருக்கு. ஒண்ணுமே பண்ணாத புள்ளைய நான் சொல்லிட்டேனே தங்கச்சி."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பட்டறையிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அப்பா மகளிடம் போனார். தலையைத் தொட நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அப்பாவைத் தாண்டிப்போய்க் காரில் ஏறினாள்.

கார் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "அவர்கிட்ட மட்டுமாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மறுபடியும் அந்தப் பொண்ணு தலையிலதான் விடியும்." கையைத் துணியில் துடைத்தார், அழுக்கு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "வயசுல பெரியவரு. தாங்கிப்பாரு."

ஆனால் அந்த முகத்தைக் கவுன்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவள் நான். அவர் தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை.