நூறு சனலும் ஒரு முகமும்

“...அப்ப, என்ரை மனுசன் வாற சனலுக்கு மட்டும் லைசென்ஸ் இல்லையோ தம்பி?”

போன வெள்ளி, மடத்துவெளியில் ரூபனின் கேபிள் கடை. என் வீட்டு ரிவியில் படம் தெளிவில்லை என்று சொல்லப் போனவன், தவமணியக்காவின் இந்தக் கேள்வியில் அப்படியே நின்றுவிட்டேன்.

ரூபன் தன் சொந்தச் சனலில் வெள்ளி பின்னேரங்களில் பழைய தேர்த்திருவிழா வீடியோ போடுவான். அதில் தேர் வடக்கு வீதி திரும்பும்போது சில்லுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் அக்காவின் கணவர். கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்து, ஒரு சிரிப்பு... அரை நிமிடம் இருக்குமா? மனிதர் போய் மூன்று வருடம்.

அந்தச் சனல் இப்போது இல்லை.

“அக்கா, வெளியிலை இருந்து வாற சனல்களை வீடுகளுக்குக் குடுக்கத்தான் என்ரை லைசென்ஸ். நானே வீடியோ போட வேறை அனுமதி வேணுமாம். கொழும்புக்கு எழுதிப்போட்டன், மறுமொழி இல்லை. மீறிப் போட்டால் முழு லைனையும் வெட்டிப்போடுவாங்கள்.”

“நூறு சனல் தாறீர். அதிலை ஒருத்தரையும் எனக்குத் தெரியாது!”

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். கட்டுப்பாடு இல்லாவிட்டால் நேற்று வந்த புதுப்படத்தையும் களவாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தில், ‘யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்?’ என்று ஒரு கேள்வி இருக்கிறதா என்ன?

ரூபன் ஒரு பென் ட்ரைவை நீட்டினான். “முழுத்தேரும் இதிலை கிடக்கு. விரும்பின நேரம் பாருங்கோ.”

அக்கா வாங்கினார். முகம் மலரவில்லை.

“விரும்பின நேரம் பாக்க வீட்டுச் சுவரிலை அவற்றை படம் கொழுவிக் கிடக்குத்தானே. ரிவியிலை அவர் வரேக்கை பக்கத்து வீட்டு ஜெயந்தி வேலியாலை கத்துவாள், ‘அக்கா, அண்ணை வாறார்!’ எண்டு. நான் போட்டது போட்டபடி ஓடிவருவன். உயிரோடை இருக்கேக்கையும் அவர் வாறதை ஆரும் சொல்லித்தானே எனக்குத் தெரியும்...”

பென் ட்ரைவை ரிவியில் கொழுவிவிட நானும் கூடப் போனேன். தேர் அசைந்தது. அக்கா பார்க்கவில்லை. வேலியடிக்குப் போய் ஜெயந்தியைக் கூட்டிவந்து, ரிவிக்கு முன் கதிரையில் இருத்தினார்.

“வடக்கு வீதி திரும்பேக்கை கூப்பிடும், என்ன?”

“ஓம் அக்கா.”

பிறகு குசினிக்குள் போய், கழுவிவைத்த பானையை எடுத்துத் திரும்பவும் கழுவத் தொடங்கினார்.