வெந்நீர் ஊற்றிக் கேட்டவர்

அகரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். அங்கே கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டுகிறவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் கிடாவிடம் சம்மதம் கேட்கிறவரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கேட்கிற வேலை மலைச்சாமியுடையது. வருஷம் முழுக்கக் கத்தரிக்கும் வெண்டைக்கும் தண்ணீர் பாய்ச்சுகிற மனுஷர், மாசித் திருவிழா அன்று மட்டும் கிடாவின் முதுகில் தண்ணீர் ஊற்றுவார். கிடா உடம்பை உதறித் துலுக்கினால் சம்மதம் என்று பொருள். "சம்மதம்" என்று மலைச்சாமி வாயால் சொன்ன பிறகுதான் அரிவாள் இறங்கும். துலுக்காவிட்டால் வெட்டக்கூடாது. கோயிலில் ஆடு கோழி வெட்டவே கூடாதென்று சர்க்கார் சட்டம் போட்டு ஏழெட்டு வருஷமாகியிருந்தது. அந்தச் சட்டம் திண்டுக்கல்லில் பஸ் ஏறாமலே நின்றுவிட்டது, அது வேறு கதை.

மலைச்சாமிக்குத் தன் வேலையில் பெருமைதான். "நாம என்ன கசாப்புக் கடையா வச்சிருக்கோம்? கேட்டுத்தான வெட்டுறோம்" என்பார். துலுக்காத கிடா என்று ஒன்றை அவர் கண்டதேயில்லை. விடியற்காலைக் கிணற்றுத் தண்ணீரை முதுகுத்தண்டில் ஊற்றினால் கிடா என்ன, நாட்டாமையே துலுக்குவார். இது அப்போது அவர் புத்திக்கு எட்டவில்லை.

எட்டியது ஆஸ்பத்திரியில். ஐம்பத்தேழாம் வருஷம் மண்வெட்டி பட்டு, வலது காலில் சீழ் வைத்து, குளிர்காய்ச்சலும் கண்டு, வண்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள். டாக்டர் குனிந்து, "ரெண்டு விரலை எடுக்கணும், சம்மதமா?" என்று கேட்டார். மலைச்சாமிக்குப் பல் கிட்டிக் கிடந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, தலையும் சேர்ந்து ஆடியது. "சரின்னுட்டாரு" என்றாள் சம்சாரம் ராமுத்தாய். எடுத்துவிட்டார்கள். எடுத்ததால்தான் பிழைத்தார், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் வேறு. "ஏத்தா, நான் சரின்னு சொன்னேனா, குளுருல நடுங்குனேனா?" என்று ராமுத்தாயிடம் நூறு தரம் கேட்டிருப்பார். "உசுரோட இருக்கீகள்ல, பேசாமக் கஞ்சியக் குடிங்க" என்பாள் அவள்.

அந்தக் கேள்வி காலோடு நிற்கவில்லை. இத்தனை வருஷமாகத் தான் சம்மதம் என்று சொன்னதெல்லாம் சம்மதம்தானா? அடுத்த மாசியில் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். பொங்கல் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குடத்தில் கலந்துகொண்டார். குளிர் இல்லாவிட்டால் கிடா நடுங்காது. நடுங்காமல் துலுக்கினால் அதுதான் நிஜமான சம்மதம். அவர் மட்டில் இது நியாயமாகத்தான் பட்டது.

முதல் கிடா, அதே ஊர்ப் பெருமாயி கொண்டுவந்தது. அவள் நாலு வயது மகன் சின்னக்கண்ணு விஷக்காய்ச்சலில் கிடந்தான். அவனுக்காக நேர்ந்துவிட்ட கிடா. மலைச்சாமி ஊற்றினார். கிடா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. இன்னொரு செம்பு ஊற்றினார். அது பாட்டுக்கு அசை போட்டது.

"சாமி ஏத்துக்கிறல" என்றார் நாட்டாமை பெருமாள்சாமி. "கிடாயக் கொண்டு போ ஆத்தா."

பெருமாயி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எம்புள்ளையக் கேக்குறாரா கருப்பு?" என்றாள்.

மலைச்சாமி குடத்தைப் பார்த்தார். தண்ணீர் வெதுவெதுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி. ஆனால் கிடாவின் தலை போகும். சொல்லாவிட்டால் கிடா பிழைக்கும், அவள் நித்தம் செத்துப் பிழைப்பாள். நல்லது செய்யப்போன மனுஷருக்கு இப்படி ஒரு சோதனை. சொல்லவில்லை. பயந்துபோய் மற்ற கிடாக்களுக்குக் கிணற்றுத் தண்ணீரே ஊற்றினார். எல்லாம் துலுக்கின.

அதற்கப்புறம் விடிந்தால் அவர் கால் பெருமாயி வீட்டுப் பக்கம்தான் இழுத்தது. பையன் இருமினால் நெஞ்சு பதறும். சத்தமே இல்லாவிட்டால் இன்னும் பதறும். ஆடி வாக்கில் சின்னக்கண்ணு தெருவில் சைக்கிள் டயர் உருட்டினான், பின்னாலேயே அந்தக் கிடாவும் ஓடியது. மலைச்சாமி வேலியோரம் நின்று அழுதார்.

அடுத்த மாசிக்கு நாலு நாள் இருக்கையில் பெருமாயி அவர் வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, புள்ள தேறிட்டான். கருப்புக்கு நேந்தத குடுத்துரணும். அந்தக் கிடாயத்தான் கொண்டாரேன்."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. வெந்நீர் விவகாரம் முழுவதையும் கொட்டிவிட்டார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலைகுனிந்து நின்றார்.

"ஒரு வருசம் என்னையக் கொன்னுட்டீகளேண்ணே" என்றாள். பிறகு, "ஆனா அன்னைக்கு அது வேணாம்னது நெசந்தான?"

"நெசந்தான் தாயி."

"அப்ப இந்த வருசமும் வெந்நியவே ஊத்துங்க. வேணாம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். அது இல்லாட்டி எம்புள்ள சோறு திங்க மாட்டேங்குறான். கருப்புக்குப் பொங்க வச்சுக் கும்புட்டுக்கிர்றேன்."

ஒரு கிடாவின் பேச்சையும் பேச்சாக மதிக்கிற ஆள் இந்த ஊரில் இன்னொருவர் இருக்கிறாரா! மலைச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு ராமுத்தாயிடம் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திருவிழா வந்தது. தண்ணீரைத் தன் கையில் விட்டுப் பார்த்தார், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதம். கிடாவின் முதுகில் மெதுவாக, மிக மெதுவாக ஊற்றினார். அது துலுக்காது, அவருக்குத் தெரியும். பெருமாயியும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றாள்.

கிடா தலையிலிருந்து வால்வரை உடம்பை உதறித் துலுக்கியது.

பெண்கள் குலவை போட்டார்கள். மலைச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஈ உட்கார்ந்ததா? அரிப்பா? இல்லை, நிஜமாகவேதானா? குடத்துக்குள் கைவிட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் கேட்கலாம். ஆனால் தனக்கு வேண்டிய பதில் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் கேட்பதா? இத்தனை வருஷமும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஊர் செய்ததும் அதைத்தானே.

அரிவாள்காரர் அவர் வாயையே பார்த்தார். முப்பது வருஷமாகச் சொல்லிவந்த ஒரு வார்த்தை, வரமாட்டேன் என்றது.

பெருமாயி கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "சொல்லுங்கண்ணே" என்றாள். "நம்மதான கேட்டோம்."

மலைச்சாமி சொன்னார். பக்கத்தில் நின்ற நாட்டாமைக்குக்கூட அது காதில் விழவில்லை. அரிவாள்காரருக்கு விழுந்தது.