இசக்கிசெல்வி பார்த்த கல்வட்டம்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். வாசலில் எஸ்.டி.டி. பூத், உள்ளே தடுப்பு வைத்த கேபின்கள். 2006-இல் செல்போன் கம்பெனியில் வேலை பார்த்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையானால் வந்து குவிவார்கள். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கடையை அன்றைக்கே இழுத்து மூடியிருக்க வேண்டும். ஒருத்தி பார்த்தது மட்டும் எனக்குத் தெரியும், அவள் கேபின் கதவைச் சாத்தாமல் உட்காருவாள்.

பெயர் இசக்கிசெல்வி. வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். ஓடும் பெல்ட்டில் வரும் போனுக்குப் பின்மூடி போட்டு அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். அதுதான் வேலை, ஷிப்ட் முழுக்க அதேதான். கங்கம்மாள் என்கிற மகராசி வீட்டு மாடியில், தன்னைப் போலத் தெற்கிலிருந்து வந்த பெண்களோடு தங்கியிருந்தாள்.

முதல் நாள் வந்து கூகுள் எர்த்தில் தன் ஊரைத் தேடினாள். அப்போது நம் பக்கத்துக் கிராமங்களுக்குத் தெளிவான படம் கிடையாது. குளம் எது, வீடு எது என்று தெரியாமல் ஒரே பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்ததால், "இங்கிலாந்துல ஸ்டோன்ஹெஞ்ச்சுனு ஒண்ணு கீது, அந்தக் காலத்துக் கல்லுங்க வட்டமா நிக்கும், அதப் போட்டுப் பாரு, பளிச்சுனு தெரியும்" என்று சொல்லி வைத்தேன். வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட ஞாபகம், அவ்வளவுதான்.

அது இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது? அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும். கொஞ்ச நாளில் ஸ்டோன்ஹெஞ்சை விட்டுவிட்டு, அதே நாட்டிலிருக்கும் ஏவ்பரிக்குப் போய்விட்டாள். அங்கே கல்வட்டம் எவ்வளவு பெரியது என்றால், அதற்குள்ளேயே ஒரு ஊர் இருக்கிறது, ரோடு நடுவே போகிறது. ஒரு ஜன்னலில் மேலேயிருந்து எடுத்த படம். இன்னொன்றில், அந்த வட்டம் அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் உருவாக்கிய காட்சி. மவுஸை நகர்த்தினால் வட்டத்துக்கு நடுவில் நின்று சுற்றிலும் பார்க்கலாம். விழுந்த கல் எல்லாம் எழுந்து நிற்கும், காணாமல் போன கல் திரும்பி வந்திருக்கும். இந்தக் காட்சியில் ஒரு கல்லைப் பார்ப்பாள், மேலேயிருந்து எடுத்த படத்தில் போய் அதன் இடத்தைத் தேடுவாள்.

"உமாக்கா, இந்தா, இங்கன ஒரு கல்லு நின்னுருக்கு. ஊர்க்காரவியளே உடைச்சு வீடு கட்டிட்டாவ. இப்பம் அடையாளத்துக்குச் சிமெண்டுத் தூணு நட்டு வச்சிருக்காவ."

"வச்சிட்டுப் போவட்டும், உனுக்கு இன்னா வந்துச்சு?" என்பேன். சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும்.

இதற்கிடையில் ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள், தை மாதம் கல்யாணம். அந்த நேரம் பார்த்துக் கங்கம்மாள் ஊருக்குப் போன் போட்டுவிட்டாள். மற்ற பெண்கள் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனால், உங்கள் பெண் மட்டும் பிரவுசிங்கில் குந்திக்கொண்டிருக்கிறாள், எவனோடு பேச்சோ தெரியவில்லை என்று. இந்த மாதிரிப் புண்ணியவதிகளுக்குப் பொழுது எப்படித்தான் கிடைக்கிறதோ!

அண்ணன் இசக்கிபாண்டி கிளம்பி வந்தான். வீட்டில் எல்லாரையும் எதிர்த்துச் சண்டை போட்டு அவளை வேலைக்கு அனுப்பியவன் அவன்தான். ஏதாவது கோளாறு என்றால் கையோடு கூட்டி வரச் சொல்லி அம்மா உத்தரவு. வேலையும் போய் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதை நினைத்தாலே அவளுக்குப் பயம். ஆனாலும் அவளேதான் அவனைக் கடைக்கு அழைத்து வந்தாள். கண்ணால் பார்த்துவிட்டால் நம்பிவிடுவான் என்று நினைத்தாள்.

பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். திரையில் பூமி உருண்டை சுற்றியது, படம் கீழே இறங்கியது, கற்கள் தெரிந்தன. அவன் கல்லைப் பார்க்கவில்லை. எந்த மூலையிலிருந்து பையன் வருவான் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து எழுந்து என்னிடம் வந்தான்.

"யக்கா, மறைக்காமச் சொல்லுங்க. யாரு அந்தப் பய?"

"பையன்லாம் யாரும் கெடையாதுபா. கல்லு பாக்கத்தான் வருது."

அவளிடம் திரும்பினான். "எதுக்குட்டி கல்லப் பாக்க?"

"வாரம் பூரா என் கண்ணு முன்னால எல்லாம் ஓடிக்கிட்டே இருக்குண்ணே. ஒண்ண நல்லாப் பாக்கதுக்குள்ள அடுத்தது வந்துரும். இது நின்ன எடத்துலயே நிக்கு. எம்புட்டு நேரம் பாத்தாலும் நிக்கு."

அவன் நம்பிவிட்டான், முகத்தில் தெரிந்தது. அந்த நிமிஷம் அவனை எனக்குப் பிடித்துப்போனது.

பூத்துக்குப் போய் ஊருக்குப் போன் போட்டான். அம்மா பேசியது கடை முழுக்கக் கேட்டது.

"பயலும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. கல்லப் பாக்கா. கம்ப்யூட்டர்ல. வெள்ளக்காரன் ஊர்க் கல்லு, ஆயிரக்கணக்கான வருசத்துக் கல்லு."

அந்தப் பக்கம் ஒப்பாரி கிளம்பியது. "ஐயோ, எம் புள்ளைக்கு என்னமோ புடிச்சிருச்சே! கல்லப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளாமே! மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா எவன்ல கட்டுவான்? பேயோட்டுத கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போணுமே!"

படிப்பு மாதிரிதான் என்றான், கிளாஸ் என்றான். ஒப்பாரி ஏறியதே தவிர இறங்கவில்லை. ரிசீவரைப் பிடித்தபடி தங்கையைப் பார்த்தான். பையனோடு பேசிய பெண்ணை வாயை மூடிக்கொண்டு சட்டென்று கட்டிக்கொடுத்துவிடலாம். பேய் பிடித்தவள் என்று பெயர் வந்துவிட்டால் எந்த வீட்டிலும் எடுக்க மாட்டார்கள்.

"அழாதம்மா. சும்மா சொன்னேன். ஒரு பயதான். கூட வேல பாக்கவன். பேசி வெரட்டி விட்டாச்சு."

ஒப்பாரி டக்கென்று நின்றது. "அப்படிச் சொல்லு. இதுக்குப் போயி கல்லு, மண்ணுன்னுட்டு. கையோட கூட்டிட்டு வா."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அவன் பஸ் விசாரிக்க வெளியே போனான்.

அவள் அழவில்லை. இரண்டு ஜன்னலையும் மூடினாள், கம்ப்யூட்டரை முறையாக அணைத்தாள். என் மேசைக்கு வந்து நின்றாள்.

"உமாக்கா, ஊர்ல அந்தப் பய பேரு என்னன்னு கேப்பாவளே. நான் என்னத்தச் சொல்ல?"