தவிட்டுக்குப் போன தம்பி

ஈப்போவில் பாதி ஊருக்குப் பால் ஊற்றியவள் நான். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம்கூட உட்கார்ந்ததில்லை. ஆனால் நாற்பது மாடு கட்டி ஆண்டிருக்கிறேன். மாடு நடக்கிற நடையைப் பார்த்தே எத்தனை ஈத்து என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் செய்த முதல் வியாபாரத்தில் அடிதான் வாங்கினேன். அப்போது எனக்கு ஏழு வயது. செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம்.

எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் தோட்டத்துக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மூன்றாவதாகத் தம்பி பிறந்ததும் அம்மா அவனை முறத்தில் கிடத்தி ஆயாக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். தாய்மார்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அங்கே பிள்ளை பார்க்கும் ஆயா, அம்மாவின் மடியில் ஒரு பிடி தவிட்டைப் போட்டுவிட்டுத் தம்பியை எடுத்துக்கொண்டாள். அன்று முதல் அவன் ஆயா பிள்ளை; பெயரும் தவிட்டான். விற்ற பிள்ளையை எமன் தேடி வரமாட்டான் என்று எங்கள் சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. விற்றுவிட்டார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். அம்மா பால் கொடுப்பாள், இறக்கிவிடுவாள். கொஞ்சி நான் பார்த்ததில்லை.

பத்தாம் மாதத்தில் நடந்தான். அதோடு என் நிம்மதி போயிற்று. விழுந்தால் அழ மாட்டான். விழுந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பான். கையைப் பிடித்தால் உதறுவான். சாக்கடையோரம் படுத்திருந்த உடும்பைக் குச்சியால் தட்டி எழுப்பினான். ஒருநாள் துரையின் குதிரை வயிற்றுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தான். குதிரைக்காரனுக்கே உடம்பு வியர்த்துவிட்டது. நான் அலறிக்கொண்டு ஓடினேன். அம்மா நின்ற இடத்தில் நின்றாள்.

“ஆயா பிள்ளைக்கு நீ ஏன்டி இந்த ஓட்டம் ஓடுற?” என்றாள், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

அப்போதுதான் ஆயா, சித்தியவானில் இருக்கும் தன் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னாள்.

“தம்பி?” என்று கேட்டேன்.

“தவிடு குடுத்து வாங்குன பிள்ளையாச்சே, விட்டுட்டா போவேன்? கோணியில போட்டுக் கட்டித் தூக்கிட்டுப் போயிருவேன்” என்றாள் ஆயா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோணியில் போட்டாலும் தம்பி பயப்படமாட்டானே, உள்ளே என்ன இருக்கிறது என்றல்லவா பார்ப்பான் என்றுதான் எனக்குப் பயம்.

தோட்டத்து எல்லையில் ஒரு சீனர் காய்கறி போட்டுப் பன்றி வளர்த்தார். இரண்டு நாள் அவர் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் சுமந்தேன். கூலி என்ன வேண்டும் என்று சைகையில் கேட்டார். பன்றிக்கு வைத்திருந்த தவிட்டைக் காட்டினேன். விநோதமாகப் பார்த்தார், ஆனால் ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கொடுத்தார்.

மத்தியானம் அதை ஆயா முன்னால் நீட்டினேன்.

“நீங்க குடுத்தது ஒரு பிடி. இது ஒரு கொட்டாங்கச்சி. தம்பியத் திருப்பிக் குடுங்க.”

“அடி ஆத்தே, வியாபாரக்காரி” என்று சிரித்துக்கொண்டே ஆயா கையை நீட்டினாள்.

வெட்டிய ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மா வாசலில் நின்றிருந்தாள். வாளியைப் போட்ட சத்தம்தான் கேட்டது. அதற்குள் கொட்டாங்கச்சி பறந்தது, என் கன்னமும் எரிந்தது.

“அக்கா, கையில வாங்கிட்டீங்களா? பட்டுச்சா?” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

“படல தாயி. சத்தியமா படல.”

அம்மா என் தோளைப் பிடித்து ஆயா பக்கம் திருப்பினாள். “சொல்லுடி, அவன் உங்க பிள்ளைன்னு.”

நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு விழுந்தது. அழுதுகொண்டே சொன்னேன். “எம் பிள்ளைதான், எம் பிள்ளைதான்” என்று ஆயாவும் அவசரமாகச் சொன்னாள். மகனிடம் போகும்போது தனியாகத்தான் போவேன் என்று பிறகு என் காதில் சொன்னாள்.

தம்பி கீழே உட்கார்ந்து சிந்திய தவிட்டை வாயில் போட்டுப் பார்த்தான். ருசி பிடிக்கவில்லை போலும். எழுந்தான், கொட்டகையை விட்டு வெளியே இறங்கினான், மழை வெள்ளம் போய்க்கொண்டிருந்த பெரிய கால்வாயைப் பார்த்து நேராக நடந்தான்.

அம்மா ஓரடி எடுத்துவைத்தாள். வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க பிள்ளை போவுது, பாருங்க” என்றாள்.

இடுப்பு வலிக்காரி ஆயா எழுந்து, நொண்டி நொண்டிப் போய், கரையில் வைத்து அவனைப் பிடிக்கும்வரை அம்மா கொட்டகைத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள். வாளி சுமந்த களைப்பு என்றுதான் நான் நினைத்தேன்.