ராஜா தலையில் ஒரு முடி

எங்கள் வீட்டில் எதையும் ஒரு தடவை பார்த்து நம்பினவர்கள் கிடையாது. செக்கில் முகர்ந்து பார்த்து வாங்கிய எண்ணெயை அப்பா வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை முகர்வார். அம்மா கத்தரிக்காய்க்காரியை வாசலில் உட்கார வைத்து, அவள் கண்ணெதிரிலேயே ஒரு காயை நறுக்கிப் புழு இல்லை என்று தெரிந்த பிறகுதான் காய்க்குப் பதில் சோளத்தை அளந்து போடுவாள். சமஸ்தான எல்லையை ஒட்டிய வடகரப்பதியில் எங்கள் வேலியோரம் நடந்து போகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்று ஊரில் கேலி பேசுவதுண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்குள் அந்த ரூபாய் எப்படித்தான் நுழைந்ததோ!

அது பொள்ளாச்சிச் சந்தையில் கடலைக்காய் விற்று வந்த வெள்ளி ரூபாய்களில் ஒன்று. அப்பா ஒவ்வொன்றையும் கல்லில் சுண்டிப் பார்த்துத்தான் மடியில் கட்டினார். சத்தமெல்லாம் சரியாகவே இருந்ததாம். வீட்டுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் ரூபாயில் இருக்கும் ராஜாவின் தலையில் ஒரு கோடு தெரிந்தது. விளிம்பில் தொடங்கி, கிரீடத்தைத் தாண்டி இறங்கி, காதோரத்தில் வந்து நின்றது. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நான் நகத்தால் எடுக்கப் பார்த்தேன். நகத்தில் தட்டுப்பட்டது, ஆனால் வரவில்லை.

அந்த ரூபாயைத் தள்ளிவிட அப்பா படாத பாடு பட்டார். துணிக்கடைக்காரர் கோட்டைப் பார்த்ததும் திருப்பித் தந்தார். மாட்டுத் தரகரிடம் அப்பா நல்ல ரூபாய்களுக்கு நடுவில் செருகிக் கொடுத்தார்; தரகரின் கட்டைவிரல் நேராக அதன் மேல்தான் போய் நின்றது. எவனோ கத்தியால் கீறிய ரூபாய், உள்ளே ஈயம் இருக்குமோ என்னமோ என்றார் தரகர். அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மற்றவர்கள் தன்னைச் சந்தேகப்படுவது அவருக்குப் பழக்கமில்லை.

அந்த ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பிவிட்டது. குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்று அம்மா அழுதாள். அப்பா மடியை அவிழ்த்துத் தேடி, அந்த ரூபாயையே எடுத்துக் கொடுத்தார். அம்மன் என்ன, கல்லில் சுண்டியா பார்க்கப் போகிறாள்? ஆனால் மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அந்தச் செல்லாக்காசுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! மஞ்சள் துணியில் முடிந்து, என் பாய்க்கு நேர் மேலே விட்டத்தில் கட்டிவிட்டார்கள். கோயில் தாராபுரம் பக்கம். மாசியில் வண்டி கட்டிப் போய்ச் செலுத்தும் வரைக்கும் அது பத்திரமாக இருக்க வேண்டும். தொலைந்தால் கொடுத்த உயிரை அம்மன் திருப்பிக் கேட்பாள் என்பது அம்மாவின் பயம்.

சாமிக்கு முடிந்ததை அவிழ்க்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். அம்மாவுக்கோ உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவிழ்த்து, புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, மறுபடி முடிந்து கட்டுவாள்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால், விட்டத்தில் முடிச்சைக் காணோம்.

வீடு தலைகீழாகிவிட்டது. பண்ணையாளின் மூட்டையை அவிழ்த்தார்கள். என் பாயை உதறினார்கள். கடைசியில் சின்னம்மாவின் பெட்டியைத் திறந்தார்கள். சின்னம்மா என் சித்தப்பாவைக் கட்டி, ஆவணியில்தான் கோவிந்தாபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். காய்ச்சலில் என் தலைமாட்டைவிட்டு நகராமல் ஈரத்துணி போட்டவள் அவள்தான். பெட்டியில் கல்யாணக் கூறைப்புடவையின் மடிப்புக்குள் ஒரு ரூபாய் இருந்தது. ராஜாவின் தலையில் அதே முடி.

சின்னம்மா பயந்த மாதிரியே தெரியவில்லை. "இது எங்கப்பன் குடுத்து உட்டதுங்க்கா" என்றாள்.

"ஏன்டி, எங்கூட்டு ரூவாயில இருக்கற மசுரு உங்கப்பன் ரூவாயிலயும் மொளைச்சுதாக்கும்?" என்றாள் அம்மா.

நான் அந்த ரூபாயை வாங்கிப் பார்த்தேன். எனக்காக முடிந்த ரூபாய் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் அது என் கைக்கும் ஒரு நிமிஷம் வரும். அந்தக் கோடு எனக்கு மனப்பாடம். எங்கள் கோடு காதோரம் நின்றுவிடும். இது காதைத் தாண்டி, கன்னத்தில் இறங்கி, தாடிக்குள் போயிருந்தது. நிறமும் வேறு; எங்களுடையதைப் போலப் பளிச்சென்று இல்லாமல் பால் ஏடு படிந்த மாதிரி மங்கலாக இருந்தது. இது நம்முடையதில்லை, கோடு நீளமாக இருக்கிறது என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

அப்பா வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "அடையாளந் தெரியக்கூடாதுன்னு ஊசியில இழுத்து நீட்டி உட்டிருக்கறா" என்றார்.

ஊசியால் இழுத்தால் பள்ளம்தான் விழும். இந்தக் கோடு மேடாக இருந்தது. பார்த்தவர் எல்லோருடைய கட்டைவிரலும் அதன் மேல் ஏறி இறங்கியது. யாரும் தன் விரல் சொன்னதை நம்பவில்லை.

சின்னம்மா மறுபடியும் மறுத்துப் பேசினாள். அவள் அப்பாவை வரவழைத்துக் கேட்கச் சொன்னாள். அம்மா அதையெல்லாம் காதில் வாங்காமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொழுது சாய்வதற்குள் விட்டத்தில் முடிச்சு ஏறாவிட்டால் என் பிள்ளை எனக்கில்லை என்று புலம்பினாள். சின்னம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"சரீங்க்கா. அது புள்ளையோடதாவே இருக்கட்டும். முடிஞ்சு கட்டிருங்க."

ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அப்பா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அழுது ஓய்ந்து உட்கார்ந்துவிட்டதால் சின்னம்மாதான் அந்த ரூபாயை மஞ்சள் துணியில் வைத்து முடிந்து கட்டினாள். அண்ணன் முன்னால் வாய் திறந்து பழகாத சித்தப்பா, மறுநாள் வண்டியைக் கட்டி அவளைக் கோவிந்தாபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார் என்று பார்த்தோம். அவரும் வரவில்லை.

தையில் புதுச் சோளம் கொட்டுவதற்காகக் குதிரில் இருந்த பழைய தானியத்தைக் காலி செய்தார்கள். அடியில் எலி இழுத்து வந்து சேர்த்த குப்பைக்குள் மஞ்சள் துணி கந்தலாகக் கிடந்தது. உள்ளே எங்கள் ரூபாய், காதோரம் நின்ற கோட்டோடு.

அன்றைக்கே வண்டி கட்டிப் போய்ச் சின்னம்மாவை அழைத்து வந்திருக்க வேண்டும். வேறு குடும்பமாக இருந்தால் போயிருப்பார்கள். அப்பா இரண்டு ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு ரூபாயில் இப்படி ஒரு கோடு விழலாம். இரண்டு ரூபாயில் ஒரே இடத்தில், ஒரே வளைவில் எப்படி விழும்? ஒன்றை வைத்து மண்ணில் அச்செடுத்து இன்னொன்றை வார்த்திருக்கிறார்கள். அப்படியானால் சின்னம்மாவின் அப்பா கள்ள நாணயம் அடிக்கிறவர்! திருட்டு என்ற சந்தேகம் செத்த இடத்தில் அதைவிடப் பெரியது ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போலீஸ், இந்தப் பக்கத்துப் போலீஸ் இரண்டும் வீட்டுக்கு வந்துவிடும் என்று பயந்து, இந்தப் பேச்சையே வெளியில் எடுக்கக்கூடாது என்றார். எது அசல் எது நகல் என்று தெரியாததால் இரண்டில் எதையும் அம்மனுக்குக் கொடுக்கப் பயம். மாசியில் கோடில்லாத வேறொரு ரூபாயைச் செலுத்திவிட்டு வந்தோம். அம்மா இரண்டையும் முகக்கண்ணாடி பதித்த பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினாள்.

சித்தப்பாவும் சின்னம்மாவும் மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரில் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அப்பா செத்ததற்குச் சித்தப்பா மட்டும் வந்து போனார். சின்னம்மா எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை. மலையிலேயே குளிர்க்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

எனக்குப் பேத்தி பிறந்த பிறகுதான் அந்தப் பெட்டி என் கைக்கு வந்தது. மகனுக்குப் பழக்கமானவர் ஒருவர் கோயமுத்தூரில் பழைய நாணயங்கள் சேர்க்கிறார். அவர் பூதக்கண்ணாடியோடு வந்து இரண்டையும் பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது. இது நாணயத்தின் மேல் விழுந்த கீறலே இல்லையாம். நாணயம் அடிக்கிற இரும்பு அச்சில் விழுந்த விரிசலாம். விரிசலுக்குள் வெள்ளி புகுந்து மேடாக நிற்கும். அந்த அச்சில் அதற்கப்புறம் அடித்த எல்லா ரூபாயிலும் அதே இடத்தில் வரும். அடிக்க அடிக்க விரிசல் நீளும். அதனால் எங்களுடையது முந்தியது, சின்னம்மாவுடையது பிந்தியது. கோடு இருப்பதால் தரம் குறையாது, அது பிறவியிலேயே வந்தது என்றார். சேர்க்கிறவர்களில் சிலர் அதைத் தேடியே அலைவார்களாம். முழுசாக விரிந்த கோடும் தேய்க்காத மேனியுமாக இருந்ததால் சின்னம்மாவின் ரூபாயை அவரால் கீழே வைக்க முடியவில்லை. எங்களுடையதைப் பார்த்துத்தான் உதட்டைப் பிதுக்கினார். யாரோ புளி போட்டுத் தேய்த்து மேல்தோலையே உரித்துவிட்டார்கள், தரம் போய்விட்டது என்றார்.

ஒரே அச்சில் அடித்த இரண்டு ரூபாய் ஒரே வீட்டுக்கு எப்படி வந்தன என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியும். அப்பாவும் சின்னம்மாவின் அப்பாவும் பொள்ளாச்சியில் ஒரே மண்டியில், ஒரே நாளில் கடலைக்காய் போட்டவர்கள். ஒரே பையிலிருந்து பணம் வாங்கிக்கொண்டு, வண்டிக்கடியில் உட்கார்ந்து பேசிய பேச்சில்தான் சித்தப்பாவின் சம்பந்தமே முடிவானது. அந்த மனிதரும் அதைச் சந்தையில் தள்ளப் பார்த்து முடியாமல்தான் மகளிடம் கொடுத்திருப்பார்.

ஜோடியாகக் கொடுத்தால் நல்ல விலை தருவதாக வந்தவர் சொன்னார். எங்களுடையதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று எனக்காக முடிந்தது என்றேன்.

அந்த மார்கழி வெள்ளிக்கிழமை, விட்டத்தில் கட்டுவதற்கு முன்னால் சின்னம்மா முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். நான் கிட்டப் போய்க் காது கொடுத்துக் கேட்டேன். அவள் வாயில் என் பேர்தான் வந்தது, திரும்பத் திரும்ப. அவளே ஒப்புக்கொண்டதால் நானும் நம்பிவிட்டேன். எடுத்தவள் அவள், அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறவளும் அவள். இதற்குள் என் பேரை எதற்கு இழுக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குச் சந்தேகமாக இருந்தது.