என் பேர்ல வந்த புள்ளி

எங்க சபைக் கல்லறைத் தோட்டத்துல இடம் நெருக்கடி. கட்டாத கல்லறை எது, காலி இடம் எதுன்னு தெரியாமத் தோண்டி, மண்வெட்டியில எலும்பு தட்டிருக்கு. கமிட்டி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், நீங்க கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கியள்லா, ஒரு மேப் போட்டுத் தாங்க. மேப்புல இல்லாத இடத்துல அடுத்த மாசத்துல இருந்து புதுக்குழி வெட்டிக்கிடுதோம்” என்றார்.

மெட்ராஸ்ல இருக்கவங்களும் துபாய்ல இருக்கவங்களும் எந்த ஆப்ல திறந்தாலும் ஒரே மாதிரித் தெரியணும். அதனால எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது ஃபைல் வடிவத்துல போட்டேன். அதோட விதிகளை யாரும் படிக்கலாம். ஒரு கல்லறைக்கு ஒரு புள்ளி. புள்ளிக்கு இடத்தைச் சொல்ல ரெண்டு எண், கூட ஒரு பேரு. இந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூணு சனிக்கிழமை நானும் மைனியும் போனோம். செத்துப்போன எங்க அண்ணனோட பொண்டாட்டி அவங்க. கல்லுலயும், கட்டாத கல்லறையில நட்ட மரச்சிலுவையிலயும் இருக்க பேரை அவங்க வாசிப்பாங்க, நான் போன்ல பதிவேன். தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிச் சத்தம் காதைப் பிளக்கும். கரண்டு போனா எல்லாத் தறியும் ஒரே நேரத்துல நிக்கும். அப்போ நம்ம காலடிச் சத்தமே யாரோ பின்னால வாரது மாதிரி கேக்கும்.

வேலை முடிஞ்சு மேப்பைத் திறந்தா, வடக்கு மூலையில ஒரு புள்ளி கூடுதல். பேரு இல்ல. அந்த மூலையில உடைமரமும் முள்ளும்தான். கை தவறி அமுக்கிட்டேன்னு அழிச்சேன்.

மறுநாள் திரும்ப இருந்தது. ரெண்டடி தள்ளி.

“சனியன்!” என்று திட்டிக்கிட்டே மறுபடி அழிச்சேன். மூணாம் நாளும் வந்தது, இன்னும் கொஞ்சம் கிழக்க. யார் வேலைன்னு திருத்தப் பட்டியலைப் பார்த்தேன். திருத்தியது நான்னு இருந்தது. என் பேரு, பகல் பதினொன்னு இருவது. அந்த நேரம் நான் எட்டாம் வகுப்புல நின்னு கத்திக்கிட்டு இருந்தேன். பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஜெபம் பண்ணிட்டு அதையும் அழிச்சேன்.

அடுத்த நாள் லீவு போட்டுட்டு, அதே பதினொன்னு இருவதுக்கு அங்கன போனேன். முள்ளுக்குள்ள மைனி நின்னுக்கிட்டு இருந்தாங்க. கையில என் பழைய போன். போன வருஷம் நானே கொடுத்தது. அதுல என் கணக்கை மாத்தாம விட்டிருக்கேன், மடச்சி.

“ஏட்டி, நீ ஏன் அதை அழிச்சுக்கிட்டே இருக்கே?” என்றாங்க.

அவங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து ஒரே நாள் இருந்தது எனக்குத் தெரியும். ஞானஸ்நானத்துக்கு முன்னாலயே போயிருச்சு, பேரு வைக்கல. மைனி ஆஸ்பத்திரியில கெடக்க, அண்ணன்தான் தூக்கிட்டு வந்து புதைச்சான். கேட்டப்பல்லாம் “வடக்கு மூலையில” என்பான், அதுக்கு மேல அழுதுருவான். இப்போ அவனும் இல்ல. சரியான இடம் மைனிக்குத் தெரியாது. அதான் தினமும் வந்து, இங்கனயா இருக்குமோ, அங்கனயா இருக்குமோன்னு புள்ளியை மாத்தி மாத்தி வச்சிருக்காங்க. புள்ளி இல்லேன்னா தோண்டிருவாங்களே.

எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்தது. அந்தப் பிள்ளையை மூணு தடவை அழிச்சிருக்கேன்.

“மைனி, புள்ளியாத்தான் வைக்கணும்னு இல்ல. சுத்திக் கோடு போட்டு, இதுக்குள்ள எங்கயோன்னும் சொல்லலாம். விதியில இருக்கு” என்றேன். “ஆனா ஆரம்பிச்ச இடத்துலயே வந்து முடிக்கணும். இல்லேன்னா அது செல்லாது.”

செருப்பைக் கழட்டிட்டு நடந்தாங்க. எங்க மிதிச்சிருவோமோன்னு ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வச்சாங்க. நான் பின்னாலயே பதிஞ்சுக்கிட்டுப் போனேன். முழு மூலையும் சுத்தி முதல் அடி வச்ச இடத்துல வந்து நின்னோம். இனி அங்க எவனும் மண்வெட்டி வைக்க முடியாது.

“பேரு போடலாமா, மைனி? வெறுமனயும் விடலாம், ஏத்துக்கிடும்.”

என்கிட்டச் சொல்லல. முள்ளுப் பக்கம் திரும்பி, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுத மாதிரி, சத்தமா ஒரு பேரைக் கூப்பிட்டாங்க. அண்ணன் வாயில இருந்துகூட அந்தப் பேரை நான் கேட்டதில்ல. கூப்பிட்டுட்டு, பதிலுக்காக நின்னாங்க.

சத்தியமாச் சொல்லுதேன், நானும் நின்னேன்.